மஸ்ட், ஷுட், மே: மூணையும் ஒரே சிவப்புல காட்டாம ஆட்டோமேஷன் டெஸ்ட் எழுதறது எப்படி

டெஸ்டிங் டீம்ல புதுசா சேர்ந்து, கையில ஒரு பெரிய ஸ்பெக்க (சாஃப்ட்வேர் எப்படி நடந்துக்கணும்னு சொல்ற விதி ஆவணம்) குடுத்து "இதுக்கு டெஸ்ட் எழுதுப்பா"ன்னு சொல்லிட்டு போயிட்டாங்கன்னா, இது உங்களுக்குத்தான். ஸ்பெக்ல வர்ற விதிங்களுக்கு மூணு லெவல்: மஸ்ட்னா கட்டாயம், ஷுட்னா காரணம் இல்லாம விடக்கூடாது, மேன்னா விருப்பம். நான் பட்டு தெரிஞ்சுகிட்டது.

என் கதைய சுருக்கமா சொல்லிடறேன். ஒரு ஃபைல் அப்லோடு சர்வர், அதுக்கு பைடெஸ்ட்ல (பைதான்ல டெஸ்ட் ஓட்டற கருவி) டெஸ்ட் எழுதிகிட்டு இருந்தேன். ஸ்பெக்ல இருந்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு அசர்ட் (எதிர்பார்த்தது நடந்துச்சான்னு பாக்கற கோடு வரி), அவ்ளோதான் எனக்கு அப்ப தெரிஞ்சது. ரிலீஸ் அன்னைக்கு ராத்திரி பதினொன்றரைக்கு பைப்லைன் (டெஸ்ட்ட தானா ஓட்டற ஏற்பாடு) சிவப்பு. விழுந்தது ஒரே ஒரு டெஸ்ட்: ஃபைல் பெருசா இருந்தா சர்வர் 413 (ரொம்ப பெருசுன்னு சொல்ற பதில் எண்) அனுப்பும்ல, நிலைமை தற்காலிகமானதா இருந்தா கூடவே ரிட்ரை-ஆஃப்டர் ஹெடரும் (எவ்ளோ நேரம் கழிச்சு திரும்ப முயற்சி பண்ணலாம்னு பதிலோட வர்ற குறிப்பு வரி) வரணும்னு பாக்கற டெஸ்ட். ஸ்பெக்ல அது ஷுட். வந்தா நல்லது, வரலன்னா உலகம் முங்கிடாது. லீட் "அத தூக்கி ஓரமா வைப்பா, காலைல பாத்துக்கலாம்"னார், நான் தூக்க கலக்கத்துல அந்த ஒரு டெஸ்ட்ட மட்டும் ஸ்கிப் பண்ணாம மொத்த ஃபைலையும் ஸ்கிப் பண்ணிட்டேன். அதே ஃபைல்ல 401 (முதல்ல நீ யாருன்னு நிரூபின்னு சொல்ற) பதிலோட டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஆதென்டிகேட் ஹெடர் வருதான்னு பாக்கற டெஸ்டும் இருந்துச்சு, அது மஸ்ட். அடுத்த வாரம் யாரோ மிடில்வேர் (ரிக்வெஸ்ட்டும் பதிலும் கடந்து போற நடுக் கோடு) மாத்தினாங்க, அந்த ஹெடர் காணாம போச்சு, பாத்துக்க வேண்டிய டெஸ்ட் தூங்கிகிட்டு இருந்துச்சு. கஸ்டமர் பக்கத்துல ப்ரவுசர் யூசர்நேம் பாஸ்வேர்டு கேக்கற பெட்டியையே காட்டல. திங்கக்கிழமை காலைல என் நிலைமைய நீங்களே யோசிச்சுக்கங்க.

தப்பு ஸ்கிப் பண்ணினதுல ஆரம்பிக்கல. மஸ்டும் ஷுடும் ஒரே மாதிரி சிவப்பு காட்டற மாதிரி எழுதி வச்சேன் பாருங்க, அங்க ஆரம்பிச்சது.

கீழ பைடெஸ்ட், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் (பைப்லைன் ஓட்ட கிட்ஹப் தர்ற சேவை) ரெண்டையும் வச்சுதான் சொல்றேன், நான் தினம் புழங்கறது அதுதான். ஜேயூனிட் (ஜாவா டெஸ்ட் கருவி) ஆளுங்க மார்க்கர்னு (டெஸ்ட் மேல ஒட்டற அடையாளம்) வர்ற இடத்துல டேக்னு படிச்சுக்கங்க. கோடு எதுவும் ஒட்டல, பேர சொல்லிடறேன், டாக்குமென்டேஷன்ல தேடினா கிடைச்சிடும்.

1. முதல்ல மூணு பேப்பர எடுத்து வைங்க

முதல் பேப்பர் ஆர்எஃப்சி 2119. ஆர்எஃப்சின்னா இன்டர்நெட் விதிமுறைகள் வர்ற ஆவண வரிசை. 1997 மார்ச்ல வந்தது, மொத்தமே 3 பக்கம். மஸ்ட், ஷுட், மே இந்த வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்னு சொல்றது மட்டும்தான் அதோட வேலை. ஒரு டீ குடிக்கற நேரத்துல முடிச்சிடலாம், ஆனா பத்து வருஷ சர்வீஸ் இருக்கறவங்ககூட இத படிக்காம கேள்வி ஞானத்துல ஓட்டறத நான் பாத்திருக்கேன்.

ரெண்டாவது ஆர்எஃப்சி 8174, 2017 மே. அது சொல்றது ஒரே ஒரு விஷயம்: பெரிய எழுத்துல இருந்தாத்தான் அந்த வார்த்தைக்கு இந்த விசேஷ அர்த்தம். சின்ன எழுத்துல இருந்தா சாதாரண இங்கிலீஷ் வார்த்தைதான், அதுக்கு டெஸ்ட் எழுத ஓடாதீங்க.

மூணாவது உங்க ப்ராஜெக்ட்டோட ஸ்பெக். நான் உதாரணத்துக்கு எடுத்துக்கறது ஆர்எஃப்சி 9110, ஹெச்டிடிபி எப்படி நடந்துக்கணும்னு சொல்றது, 2022 ஜூன்ல வந்தது, கிட்டத்தட்ட 200 பக்கம். முழுசா படிக்க வேண்டியதில்ல, உங்க சர்வர் தொடற பகுதி போதும்.

ஆர்எஃப்சி எல்லாமே இலவசம், நெட்ல அப்படியே படிக்கலாம். ஆனா உங்க ப்ராஜெக்ட் ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டு வச்சு நடக்குதுன்னா அது பெரும்பாலும் காசு குடுத்து வாங்கற சரக்கு, கம்பெனில யாராவது ஏற்கனவே வாங்கி வச்சிருக்காங்களான்னு கேட்டுட்டு அப்புறம் கார்டை எடுங்க. அதுல வார்த்தைகளும் வேற: அங்க கட்டாயத்துக்கு ஷல்னு போடுவாங்க. ஆர்எஃப்சிலயும் ஷல், ரெக்வயர்டு ரெண்டும் மஸ்டுக்கு சமம், ரெக்கமண்டட்னா ஷுட், ஆப்ஷனல்னா மே.

2. மூணு லெவலையும் உங்க சொந்த வார்த்தைல எழுதி பாருங்க

மஸ்ட் சுலபம். செய்யலன்னா அந்த ஸ்பெக்க பின்பற்றறேன்னு சொல்லிக்கவே முடியாது.

ஷுட்லதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. "செஞ்சா செய், செய்யாட்டி விடு"ன்னு அர்த்தம் இல்ல. செய்யாம விட நியாயமான காரணம் இருக்கலாம், ஆனா விட்டா என்னென்ன ஆகும்னு முழுசா புரிஞ்சு, எடை போட்டு பாத்துட்டுத்தான் விடணும்னு ஆர்எஃப்சி சொல்லுது. அதாவது ஷுட்ட மீறறவன் கையில ஒரு காரணம் இருக்கணும். காரணம் இல்லாம மீறினா? என்னைக் கேட்டா அது மஸ்ட்ட மீறினதுக்கு தம்பி முறை. இந்த ஒரு விஷயத்த மண்டைல ஏத்திக்கிட்டீங்கன்னா 6வது ஸ்டெப்ல சொல்றது தானா புரிஞ்சிடும்.

மே, அது நிஜமாவே விருப்பம். ஆனா அதுக்கும் ஒரு வால் இருக்கு: அந்த வசதிய வைக்காதவன், வச்சிருக்கறவனோட ஒத்துப்போக தயாரா இருக்கணும், வச்சிருக்கறவனும் வைக்காதவனோட அதே மாதிரி. பாதி பேர் இந்த வால விட்டுடறாங்க.

இங்க நம்ம பாஷையோட ஒரு சிக்கல சொல்லியே ஆகணும். சென்னை டீம்ல மீட்டிங் பாதி தமிழ்லதான் நடக்கும். "ஹெடர் அனுப்பணும்"னு ஒருத்தர் சொன்னா அது மஸ்டா ஷுடா? ரெண்டுக்குமே நாம "ணும்"தான் போடறோம். அதவிட மோசம் "லாம்". "ரிட்ரை-ஆஃப்டர் அனுப்பலாம்"னு ப்ராடக்ட் ஆள் சொன்னார், நான் அத மேன்னு குறிச்சுகிட்டேன், பக்கத்துல உக்காந்திருந்த டெவலப்பர் "சரி, அனுப்பிடலாம்னு முடிவாயிடுச்சு"ன்னு எடுத்துகிட்டு கோடே எழுதிட்டார். ரெண்டு பேரும் தமிழ சரியாத்தான் புரிஞ்சுகிட்டோம்! அதுவும் போக நம்ம எழுத்துல பெரிய எழுத்து சின்ன எழுத்துங்கறதே கிடையாது, ஆர்எஃப்சி 8174 வித்தை இங்க எடுபடாது. அதனால எங்க டீம்ல இப்ப ஒரு பழக்கம்: மினிட்ஸ் எழுதறப்ப வாக்கியத்துக்கு முன்னாடி சதுர அடைப்புக்குள்ள மஸ்ட், ஷுட், மேன்னு போட்டுடறோம். "அனுப்பக்கூடாது"ன்னா மஸ்ட் நாட், "அனுப்ப வேண்டாம்"னா ஷுட் நாட். கொஞ்சம் செயற்கையா இருக்கும், பரவால்ல, சண்டை குறையும்.

3. ஸ்பெக்க ஷீட்ல உடைங்க

எக்செல்லோ கூகுள் ஷீட்டோ, ஏதோ ஒண்ணு. ஒரு வரிக்கு ஒரு ரெக்வயர்மென்ட். காலம் (நெடுவரிசை) இவ்ளோ போதும்: ஐடி, ஸ்பெக் பகுதி எண், லெவல், யார் செய்யணும், எந்த நிபந்தனைல, என்ன செய்யணும், டெஸ்ட் பேர்.

"யார் செய்யணும்" காலத்த விட்டுடாதீங்க. ஸ்பெக்ல ஒரு மஸ்ட் க்ளையன்ட்டுக்கு, இன்னொண்ணு நடுவுல நிக்கற ப்ராக்ஸிக்கு, இன்னொண்ணு சர்வருக்கு. நான் ஆரம்பத்துல க்ளையன்ட்டுக்கு சொன்னத எல்லாம் சேத்து சர்வர் மேல டெஸ்ட் எழுதி, டெவலப்பர்கிட்ட பக்கு போட்டு, அவர் "இது என் வேலையே இல்லியேங்க"ன்னு திருப்பி அனுப்பி, ரெண்டு நாள் வீணா போச்சு.

நிபந்தனையும் அதே மாதிரி. என் 413 கதைக்கே வாங்க. 9110ல 15.5.14வது பகுதி, அங்க ஷுட்டுக்கு முன்னாடியே "நிலைமை தற்காலிகமானதா இருந்தா"ன்னு ஒரு துண்டு இருக்கு. சர்வர்ல எப்பவுமே 50 எம்பிதான் லிமிட்னா அந்த ஷுட்டே பொருந்தாது, நாளைக்கு திரும்ப அனுப்பினாலும் 50 எம்பிதானே! அன்னைக்கு ராத்திரி விழுந்த டெஸ்ட் விழவே வேண்டிய டெஸ்ட் இல்லன்னு எனக்கு மூணு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

இப்ப அதே ரிட்ரை-ஆஃப்டர் ஹெடர 15.6.4ல பாருங்க, 503 (இப்ப சேவை தர முடியாதுன்னு சொல்ற பதில்) வர்ற இடம். அங்க அது மே. ஒரே ஹெடர், ஒரு இடத்துல ஷுட், இன்னொரு இடத்துல மே. "ரிட்ரை-ஆஃப்டர் டெஸ்ட்"னு ஒரே ஒரு டெஸ்ட் எழுதி ரெண்டுக்கும் ஓட்டினீங்கன்னா லெவல் எதுன்னு உங்களாலயே சொல்ல முடியாது. லெவல் வாக்கியத்துக்குத்தான், ஹெடருக்கு இல்ல.

ஒரே வாக்கியத்துல ரெண்டு லெவல் வந்தா ரெண்டு வரியா உடைங்க. ஒரு டெஸ்ட் ஃபங்ஷனுக்குள்ள ஒரு லெவல்தான், இதுல விட்டுக்குடுக்காதீங்க. மஸ்டையும் ஷுடையும் ஒரே ஃபங்ஷன்ல போட்டா, ஷுட் அசர்ட் முதல்ல விழுந்து கீழ இருக்கற மஸ்ட் அசர்ட் ஓடாமயே போயிடும்.

4. டெஸ்ட்டுக்கு லெவல் ஒட்டுங்க

பைடெஸ்ட்ல மஸ்ட், ஷுட், மேன்னு மூணு மார்க்கர். பைடெஸ்ட் ஐஎன்ஐ ஃபைல்ல மார்க்கர்ஸ் பகுதில மூணையும் பதிவு பண்ணுங்க, ஆட்ஆப்ட்ஸ் வரில ஸ்ட்ரிக்ட்-மார்க்கர்ஸ் ஆப்ஷன போடுங்க.

இந்த ஸ்ட்ரிக்ட் ஏன்னா: ஒரு டெஸ்ட்ல மஸ்ட்ங்கறதுல எழுத்து மாறி "மட்ஸ்"னு டைப் பண்ணிட்டீங்கன்னு வைங்க. ஸ்ட்ரிக்ட் இல்லன்னா பைடெஸ்ட் ஒரு வார்னிங் மட்டும் காட்டிட்டு போயிடும். மஸ்ட் டெஸ்ட்ட மட்டும் ஓட்டுன்னு மார்க்கர் சொல்லி கூப்பிடறப்ப அந்த டெஸ்ட் லிஸ்ட்லயே வராது, பச்சைதான் காட்டும், யாருக்கும் தெரியாது. ஸ்ட்ரிக்ட் இருந்தா அங்கயே எரர் குடுத்து நின்னுடும்.

மார்க்கரே போடாத டெஸ்ட்ட ஸ்ட்ரிக்ட் பிடிக்காது, அதையும் தெரிஞ்சுக்கங்க. அதுக்கு கான்ஃப்டெஸ்ட் (பைடெஸ்ட் தானா எடுத்துக்கற செட்டிங்) ஃபைல்ல கலெக்‌ஷன்-மாடிஃபை-ஐட்டம்ஸ்னு ஒரு ஹுக் (நம்ம கோட நடுவுல நுழைக்கற இடம்) இருக்கு, அதுல ஒவ்வொரு டெஸ்டையும் பாத்து, மூணுல ஒண்ணுகூட இல்லன்னா எரர் போட்டு நிறுத்துங்க. பத்து வரி கோடு. இத போட்ட அன்னைக்கு எங்க பழைய டெஸ்ட்ல எத்தனை அனாதையா கிடந்துச்சுன்னு பாத்து எனக்கே வெக்கமா போச்சு.

மார்க்கருக்குள்ள ஷீட் ஐடியையும் குடுத்துடுங்க. மஸ்ட், அடைப்புக்குள்ள "9110-15.5.2-அ" மாதிரி. டெஸ்ட் விழறப்ப எந்த வாக்கியம்னு தேடி ஓட வேண்டாம்.

5. மஸ்டும் மஸ்ட் நாட்டும்

மஸ்ட்ல சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, சாதாரண அசர்ட். 405 (இந்த மெத்தடுக்கு அனுமதி இல்ல) அனுப்பினா அலவ் ஹெடர் இருக்கணும், 401னா டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஆதென்டிகேட் இருக்கணும். இல்லன்னா சிவப்பு.

மஸ்ட் நாட்லதான் ஏமாந்து போவீங்க. 204 (உள்ளடக்கம் இல்லாத) பதில்ல கன்டென்ட்-லெங்த் ஹெடர் அனுப்பக்கூடாதுன்னு 8.6ல இருக்கு. நீங்க "ஹெடர் இல்லை"ன்னு அசர்ட் பண்றீங்க. பாஸ். ஆனா சர்வர் 204 அனுப்பவே இல்ல, வேற ஏதோ பதில் சங்க்டு முறைல (துண்டு துண்டா) வந்திருக்கு, அதுலயும் அந்த ஹெடர் கிடையாது, அதனால பாஸ்! இல்லாதத சோதிக்கறப்ப, அது இருக்க வாய்ப்புள்ள இடத்துக்குத்தான் வந்திருக்கோமான்னு முதல்ல ஒரு அசர்ட் போடுங்க: ஸ்டேட்டஸ் 204தானா? அப்புறம் ஹெடர் இல்லையா?

6. ஷுட்: காரணம் இருந்தா மஞ்சள், இல்லன்னா சிவப்பு

இதுக்குத்தான் இவ்ளோ நேரம் இழுத்தேன்.

ஷுட் டெஸ்ட் விழுந்தா என்ன பண்றதுன்னு கேட்டா பெரும்பாலானவங்க சொல்ற முதல் பதில் எக்ஸ்ஃபெயில். நானும் ஒரு வருஷம் அதத்தான் பண்ணினேன். எக்ஸ்ஃபெயில்னா "இது விழும்னு எனக்கு தெரியும்"னு அர்த்தம். ஷுட் அப்படி இல்லியே, அது நிறைவேறணும்னுதான் நாம ஆசைப்படறோம். எல்லா ஷுட்டுக்கும் கண்ண மூடிகிட்டு எக்ஸ்ஃபெயில் ஒட்டினா, இன்னைக்கு பாஸ் ஆகறது நாளைக்கு உடைஞ்சாலும் ரிசல்ட்ல ஒரு எழுத்து மாறும், அவ்ளோதான், பில்டு பச்சை.

இன்னொரு பொறி: எக்ஸ்ஃபெயிலுக்கு ரெய்சஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத குடுக்கலன்னா எந்த எக்ஸப்ஷன் வந்தாலும் முழுங்கிடும். சர்வரே எழும்பாம கனெக்‌ஷன் எரர் வந்தாலும் "எதிர்பார்த்த தோல்வி"தான். என் டெஸ்ட்ல ஒரு வேரியபிள் பேர் தப்பா இருந்து, நேம் எரர் வந்து, அது மாசக்கணக்கா எக்ஸ்ஃபெயிலா கணக்குல ஏறிகிட்டு இருந்துச்சு. எக்ஸ்ஃபெயில் போட்டே ஆகணும்னா ரெய்சஸ்ல அசர்ஷன் எரர் மட்டும் குடுங்க, ஸ்ட்ரிக்ட்ட ட்ரூன்னு வைங்க. அப்பத்தான் சரியாகி பாஸ் ஆகற அன்னைக்கு சிவப்பு காட்டி "இந்த மார்க்க எடுத்துடு"ன்னு நமக்கு ஞாபகப்படுத்தும்.

நான் இப்ப பண்றது வேற. ரெப்போலயே வெய்வர்னு (விலக்குன்னு அர்த்தம்) ஒரு ஃபைல், யாமல் ஃபார்மேட்ல. ஒவ்வொரு பதிவுலயும் நாலே விஷயம்: ரெக்வயர்மென்ட் ஐடி, ஏன் மீறறோம்னு ரெண்டு வரி, யார் ஒத்துகிட்டாங்க, எந்த தேதி வரைக்கும் செல்லும். எங்களோடதுல ஒரு பதிவ அப்படியே காட்டறேன் (கெட்னா பக்கத்த முழுசா கேக்கற ரிக்வெஸ்ட், ஹெட்னா அதோட ஹெடர மட்டும் கேக்கறது):

ஐடி: 9110-9.3.2-ஆ
காரணம்: ஹெட் பதில்ல கெட்ல வர்ற எல்லா ஹெடரையும் அனுப்பறதில்ல. ரிப்போர்ட் பக்கத்துல கன்டென்ட்-லெங்த் கணக்கு பண்ண முழு ரிப்போர்ட்டையும் உருவாக்க வேண்டியிருக்கு, அந்த வேலைய மிச்சம் பண்றோம்.
ஒப்புதல்: பேக்எண்ட் லீட்
செல்லும் தேதி: காலாண்டு கடைசி

கான்ஃப்டெஸ்ட்ல ரன்டெஸ்ட்-மேக்ரிப்போர்ட்னு ஒரு ஹுக் இருக்கு, ஒவ்வொரு டெஸ்ட் முடிவும் அது வழியாத்தான் போகும். அதுல பாக்க வேண்டியது: இது கால் கட்டமா (செட்டப் முடிஞ்சு டெஸ்ட் கோடு நிஜமா ஓடற கட்டம்), விழுந்துச்சா, ஷுட் மார்க்கர் இருக்கா, எக்ஸப்ஷன் அசர்ஷன் எரர்தானா, வெய்வர்ல ஐடி இருக்கா, தேதி தாண்டலையா. எல்லாத்துக்கும் ஆமான்னா ரிப்போர்ட்டோட அவுட்கம்ம ஸ்கிப்டுன்னு மாத்தி, வாஸ்எக்ஸ்ஃபெயில்ங்கற பண்புல வெய்வர் காரணத்த வச்சிடுங்க, பைடெஸ்ட் அத எக்ஸ்ஃபெயில் கணக்குல மஞ்சளா காட்டும். ஒண்ணு தவறினாலும் கைய வைக்காதீங்க, சிவப்பாவே இருக்கட்டும். செட்டப் கட்டத்துல விழுந்தா அது சர்வர் கிளம்பாத பிரச்சனை, அதுக்கெல்லாம் வெய்வர் கிடையாது.

இதுல ஆர்எஃப்சி சொன்ன அதே விஷயம்தான் நடக்குது பாருங்க, மீறலாம் ஆனா எடை போட்டுட்டு மீறு. எடை போட்டதுக்கு சாட்சி அந்த யாமல் ஃபைல். ரிவ்யூல டெவலப்பர் "இதுக்கு ஒரு வெய்வர் போட்டுக்கறேனே"ன்னு கேக்கறப்ப "காரணத்த எழுதுங்க"ன்னு சொல்லுங்க, பாதி பேர் காரணம் எழுதறதுக்கு பதிலா கோடையே சரி பண்ணிடுவாங்க. நெஜமா, எழுத உக்காந்தா அந்த காரணம் எவ்ளோ நோஞ்சான்னு அவங்களுக்கே தெரிஞ்சிடுது.

தேதி இல்லாத வெய்வர ஏத்துக்காதீங்க. எல்லா தேதியையும் ஒரே நாள்லயும் வைக்காதீங்க, ஒரு தடவ நாங்க எல்லாத்தையும் டிசம்பர் 31ன்னு போட்டுட்டு ஜனவரி 1 அன்னைக்கு பைப்லைன் முழுக்க செவந்து கிடந்துச்சு, ஆபீஸ்ல ஆளே இல்ல.

7. மே: இருந்தா ஒழுங்கா இருக்கணும்

மே டெஸ்ட் எழுதவே வேண்டாம்னு சொல்றவங்க இருக்காங்க, நான் ஒத்துக்கமாட்டேன். 503ல ரிட்ரை-ஆஃப்டர் அனுப்பறதும் அனுப்பாததும் சர்வர் இஷ்டம். ஆனா அனுப்பினா அந்த மதிப்பு ஒண்ணு ஹெச்டிடிபி தேதியா இருக்கணும், இல்ல எத்தனை செகண்டுங்கற முழு எண்ணா இருக்கணும். "கொஞ்ச நேரத்துல வா"ன்னெல்லாம் அனுப்ப முடியாது. அதனால டெஸ்ட் இப்படி போகும்: ஹெடர் இல்லன்னா ஸ்கிப், காரணத்தோட. இருந்தா மதிப்ப சோதி, தப்புன்னா சிவப்பு, முழு சிவப்பு, வெய்வரெல்லாம் கிடையாது. மேக்குள்ள ஒரு மஸ்ட் ஒளிஞ்சிருக்கு.

ஸ்கிப் வேற, எக்ஸ்ஃபெயில் வேற, ரெண்டையும் குழப்பாதீங்க. ஸ்கிப்னா "இங்க சோதிக்க ஒண்ணும் இல்ல". ஜேயூனிட்ல இதுக்கு அசம்ப்ஷன்ஸ் இருக்கு, அசம்ப்ஷன் பொய்யானா டெஸ்ட் அபார்ட்டட்னு காட்டும், ஃபெயில்னு காட்டாது. ப்ரவுசர்களுக்கான வெப் ப்ளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ் தொகுப்புலயும் இதே எண்ணம்தான், விருப்ப வசதிய சோதிக்கற ஃபைல் பேருலயே ஆப்ஷனல்னு ஒரு துண்டு வரும், அந்த வசதி இல்லாத ப்ரவுசருக்கு ஃபெயில் போடாம முன்நிபந்தனை சேரலைன்னு தனி முடிவு குடுக்க ஒரு அசர்ட்டே வச்சிருக்காங்க. புதுசா எழுதறவங்க அந்த ரெப்போவ ஒரு மணி நேரம் மேஞ்சு பாருங்க, நல்லா பிடிபடும்.

நீங்க சோதிக்கறது க்ளையன்ட்னா மேக்கு ரெண்டு டெஸ்ட் வேணும். போலி சர்வர் ஒண்ணு அந்த ஹெடரோட பதில் சொல்லட்டும், இன்னொண்ணு இல்லாம சொல்லட்டும். ரெண்டுலயும் க்ளையன்ட் உயிரோட இருக்கணும், இது மஸ்ட் கணக்குல வரும்.

ஸ்கிப் காரணம் ரிப்போர்ட்ல தெரிய ஆர்ஏ ஆப்ஷனோட ஓட்டுங்க. இல்லன்னா வெறும் எண்ணிக்கைதான் வரும், "12 ஸ்கிப்டு"ன்னு. எந்த பன்னெண்டுன்னு யார் போய் பாக்கறது.

8. சிஐல (அதாவது பைப்லைன்ல) பிரிச்சு ஓட்டுங்க

ரெண்டு ஜாப் போதும். முதல் ஜாப் மஸ்டும் மேவும், ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் (மாத்தின கோட சேத்துக்கங்கன்னு கேக்கறது). ரெண்டாவது ஷுட், ராத்திரி ஒரு தடவ, அப்புறம் ரிலீஸ் ப்ராஞ்ச்ல. ப்ராஞ்ச் ப்ரொடெக்‌ஷன்ல முதல் ஜாப் மட்டும் கட்டாயம்னு டிக் பண்ணுங்க. ரிலீஸ் ப்ராஞ்ச்சுக்கு ரெண்டும்.

பொறிகள் இங்க நிறைய, ஒவ்வொண்ணா சொல்றேன்.

கன்டின்யூ-ஆன்-எரர்னு ஒரு சாவி இருக்கு, ஷுட் ஜாபோட ஸ்டெப்ல அத போட்டுட்டா வேலை முடிஞ்சதுன்னு தோணும். போட்டா என்ன ஆகும்னா டெஸ்ட் விழுந்தாலும் ஜாப் பச்சையா முடியும், லாக்க திறந்து பாத்தாத்தான் தெரியும், லாக்க யாரும் திறக்கமாட்டாங்க. அதுக்கு பதிலா ஜாப் சிவப்பாவே இருக்கட்டும், ஆனா கட்டாயப் பட்டியல்ல இல்லாம இருக்கட்டும். மெர்ஜ் பண்ணலாம், கண்ணுலயும் படும்.

மஸ்ட் ஜாபுக்கு இஃப் நிபந்தனை போடறப்ப ஜாக்கிரதை. ஜாப் நிபந்தனையால ஸ்கிப் ஆனா கிட்ஹப் அத சக்ஸஸ்னு எடுத்துக்கும், கட்டாயம்னு டிக் பண்ணியிருந்தாலும் மெர்ஜ் ஆயிடும். தலைகீழா, ஒர்க்ஃப்ளோ லெவல்ல பாத் ஃபில்டர் போட்டு அதனால ஓடலன்னா செக் பெண்டிங்லயே தொங்கும், மெர்ஜே ஆகாது. ஒண்ணு கதவ திறந்து போட்டுடும், இன்னொண்ணு பூட்டிட்டு சாவிய தொலைச்சுடும்.

மூணாவது, எக்ஸிட் கோடு. பைடெஸ்ட்ல எல்லாம் பாஸ்னா 0, விழுந்தா 1, ஒரு டெஸ்ட்கூட கிடைக்கலன்னா 5. மார்க்கர் தப்பா குடுத்து ஒண்ணும் ஓடலன்னா 5 வந்து ஜாப் சிவப்பாகும், அது நல்லதுதான். ஆனா யாராவது "ஏன் இது சும்மா சும்மா ஃபெயில் ஆகுது"ன்னு கமாண்டு கடைசில எப்பவுமே ட்ரூ வர்ற மாதிரி ஒட்டு போட்டு வச்சிருப்பாங்க. சேர்ந்த முதல் வாரமே பைப்லைன் ஃபைல்ல அந்த ஒட்ட தேடுங்க.

9. செலவும் நேரமும்

பைடெஸ்ட் இலவசம். கிட்ஹப்ல பப்ளிக் ரெப்போன்னா ஆக்‌ஷன்ஸோட சாதாரண ரன்னருக்கு காசு இல்ல, ப்ரைவேட்னா ஃப்ரீ ப்ளான்ல மாசம் 2000 நிமிஷம். எங்க கணக்கு இப்படி: மஸ்ட் ஜாப் 4 நிமிஷம், ஷுட் ஜாப் 6 நிமிஷம் (டைம்-அவுட் சோதிக்கறதெல்லாம் அதுலதான் இருக்கு). ஒரு நாளைக்கு 15 புஷ், மாசம் 22 வேலை நாள். ரெண்டையும் எல்லா புஷ்ஷுக்கும் ஓட்டினா 3300 நிமிஷம், இருபதாம் தேதிக்குள்ள தீந்துடும். மஸ்ட் மட்டும் புஷ்ஷுக்கு, ஷுட் ராத்திரிக்குன்னா 1320ம், முப்பது ராத்திரிக்கு 180ம் சேத்து 1500. லெவல் பிரிக்கறதுக்கு மேனேஜர்கிட்ட நேரம் கேக்கறப்ப இந்த கணக்க காட்டுங்க, தரம் கிரம்னு பேசறதவிட சட்டுனு வேலைக்காகும்.

ரொம்ப துண்டா பிரிச்சுடாதீங்க, ஒவ்வொரு ஜாபையும் தனித்தனியா முழு நிமிஷத்துக்கு ரவுண்டு பண்ணித்தான் கழிப்பாங்க. 10 செகண்டு ஜாப் ஆறு வச்சா 6 நிமிஷம் போச்சு.

ஆள் நேரம்: ஷீட் உடைக்கறதுதான் பெருசு, எனக்கு ஹெச்டிடிபில எங்க சர்வர் தொடற பகுதிக்கு மூணு முழு நாள் ஆச்சு. மார்க்கர் ஒட்ட ஒரு நாள். ஹுக்கும் வெய்வரும் அரை நாள், தப்பு பண்ணி திருத்தினது இன்னொரு அரை நாள். எல்லாத்தையும் ஒரே வாரத்துல முடிச்சிடலாம்னு யார்கிட்டயும் வாக்கு குடுக்காதீங்க, ஏன்னா ஷுட் ஒவ்வொண்ணுக்கும் "காரணம் இருக்கா இல்லையா"ன்னு டெவலப்பர்கிட்ட உக்காந்து பேசற நேரம் இந்த கணக்குலயே வராது, எங்களுக்கு அது மட்டும் ரெண்டு ஸ்பிரிண்டு ஓடுச்சு.

முதல் தடவ ஷுட் ஜாப் ஓட்டறத வெள்ளிக்கிழமை சாயங்காலம் வச்சுக்காதீங்க. எங்களுக்கு வந்த முதல் ரிசல்ட்ல 31 சிவப்பு, அதுல 9 நான் நிபந்தனைய சரியா படிக்காம எழுதினது, அந்த 413ம் சேத்து.